கூர்நோக்கு இல்லத்திலிருந்து வீடு திரும்பும் பிள்ளைகள்: கேள்வி பதில்

(பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர். கூர்நோக்கு இல்லம் என்பது வழக்கு விசாரணை முடியும்வரை சிறார்களை வைக்கும் இடம்.)

கேள்வி: சார், என் மகனுக்கு 16 வயசு. செல்போன் பறிப்பு கேஸ். ஜாமீனுக்குச் சொத்துப் பத்திரம் வேணும்னு ஒருத்தர் சொல்றார். எங்ககிட்ட ரேஷன் கார்டுதான் இருக்கு.

பதில்: அம்மா, அந்த ஆளிடம் பத்துப் பைசா கொடுக்காதீர்கள். 2015 சிறார் நீதிச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி ஜாமீன்தாரர் இல்லாமலும் பையனை விடலாம். வெளியே போனால் குற்றக் கூட்டாளிகளோடு சேருவானா, அவனுக்கே ஆபத்து வருமா, நீதிக்குக் குந்தகமா என்ற மூன்றைத்தான், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் பார்க்கும். அடுத்த வாய்தாவுக்கு வெளியூரில் இருக்கும் பெரியம்மாவையோ மாமாவையோ கூட்டிப் போங்கள். "என் பொறுப்பில் வைத்துப் படிக்க வைக்கிறேன்" என்று அவர் நேரில் சொல்வது பத்திரத்தைவிடக் கனம். வக்கீல் இலவச சட்ட உதவியிலேயே கிடைப்பார்.

கேள்வி: தம்பி சிறப்பு இல்லத்திலிருந்து (தீர்ப்புக்குப் பின் சிறார்களை வைக்கும் இடம்) வந்து பத்து நாள் ஆச்சு. யார்கிட்டயும் பேச மாட்டேங்கிறான். மறுபடி தப்பு பண்ணுவானோ?

பதில்: பேசாததைத் தப்பின் அறிகுறியாக எடுக்காதீர்கள். நான் பார்த்துக்கொண்ட ஒரு பையன், சொந்த வீட்டில் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் அம்மாவிடம் "போகலாமா?" என்று கேட்டு, பதில் வரும்வரை கதவோரம் நிற்பான். விளக்கை அணைத்தால் தூக்கம் வராது. மணி அடித்து எழுந்து, வரிசையில் நின்று சாப்பிட்ட உடம்பு அது. காலையில் செய்ய ஒரு வேலை கொடுங்கள்: பால் வாங்குவதோ, மெக்கானிக் ஷெட்டோ. நான் பயப்படுவது வேலையில்லாத மத்தியானங்களுக்குத்தான். பழைய கூட்டாளிகளின் பைக் வாசலில் வந்து ஹாரன் அடிக்கும் நேரம் அது.

கேள்வி: எனக்கு 22 வயது. 15 வயதில் ஒரு அடிதடி கேஸ். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கலாமா?

பதில்: தாராளமாக, தம்பி. சிறார் வயதுத் தீர்ப்பு தகுதிக் குறைவாகாது, ஆவணங்களையும் அழிக்க வேண்டும் என்கிறது 24-ஆம் பிரிவு. 16 வயதுக்கு மேல் கொடுங்குற்றத்துக்காகப் பெரியவர்போல் விசாரிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. சிறார் வயது வழக்கைக் காட்டி வேலையை மறுக்க முடியாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. குழுமத்தின் உத்தரவு நகலைக் கையில் வைத்துக்கொண்டு, படிவத்தை வக்கீலிடம் காட்டி நிரப்புங்கள்.

கேள்வி: 18 முடிந்து வெளியே வருபவனுக்கு வீடே இல்லை என்றால்?

பதில்: இல்லத்தை விட்டு வெளியே வருபவர்கள் சொந்தக் காலில் நிற்கப் பின்காப்பு உதவி உண்டு, மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். ஆதாரையும் வங்கிக் கணக்கையும் இல்லத்தில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். வெளியே வந்த பிறகு முகவரிச் சான்றுக்கு எங்கே போவான்?