ராணியின் சொல்

"அன்புள்ள அக்கா, உப்புவெளியில் எங்கள் வீட்டு முருங்கையில் இரண்டு நாளாகத் தேனீக் கூட்டமொன்று கொத்தாகத் தொங்குகிறது. கூடு கட்டவில்லை. புகை போட்டுக் கலைக்கலாமா? ஒரு ராணியின் சொல்லுக்கு இத்தனை ஆயிரம் உயிர்கள் அடங்கி நிற்கின்றன. நம் சனத்துக்கு அப்படியொரு தலைமை வாய்க்கவில்லையே என்று ஏக்கமாகவும் இருக்கிறது."

அன்புள்ள தம்பி,

புகை வேண்டாம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். இடம் அமைந்ததும் அவை போய்விடும்.

உங்கள் ஏக்கம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. ராணியின் சொல்லா? அவள் முட்டையிடுகிறவள், அவ்வளவுதான். கூட்டை விட்டுப் புறப்படுமுன் தீனியைக் குறைத்து, பறக்கத் தக்கதாக அவளை மெலிய வைப்பவையே வேலைக்காரத் தேனீக்கள். இப்போதும் எந்த முடிவிலும் பங்கில்லாமல் கொத்துக்குள் கிடக்கிறாள். நாம் வைத்த பெயரை நம்பி நாமே அரசியல் பேசுவதா?

1949இல் ஜெர்மனியின் மியூனிக்கில் தேனீ ஆய்வாளர் மார்ட்டின் லிண்டவர் இப்படியொரு கொத்தைக் கண்டார். அதன்மேல் ஆடிய தேனீக்களின் உடம்பில் மகரந்தம் இல்லை; கரியும் செங்கல் தூளும் அப்பியிருந்தன. போரில் குண்டு விழுந்து இடிந்த நகரம் அது. அவை தேனுக்குப் போனவையல்ல, வீடு பார்க்கப் போனவை. பார்த்துவந்த இடத்தின் திசையையும் தூரத்தையும் ஆட்டத்தால் சொன்னன. நல்ல பொந்தைக் கண்டவள் நெடுநேரம் ஆடுவாள். அதைப் பார்த்தவளோ உடனே சேர்ந்து ஆடிவிடமாட்டாள். தானே பறந்து போவாள், பொந்துக்குள் நடந்து பார்ப்பாள், பிடித்திருந்தால் மட்டும் வந்து ஆடுவாள். ஓரிடத்தில் இருபது முப்பது தேனீக்கள் சேர்ந்த பிறகே கூட்டம் புறப்பட ஆயத்தமாகும் என்று பின்னாளில் இன்னொரு தேனீ ஆய்வாளர் தாமஸ் சீலி கண்டார்.

போய்ப் பார்ப்பது, தம்பி. தானே போய்ப் பார்ப்பது.

1990இல் அகதி முகாமாகியிருந்த ஒரு பள்ளிக்கூடத்து வேம்பின் கீழ்ப் பெரியவர்கள் கூடியிருந்தார்கள். "வீடுகளுக்கு ஒன்றுமில்லை, திரும்பலாம்" என்றார் குரல் பெருத்த ஒருவர். போய்ப் பார்த்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை. என் அப்பாவும் கேட்கவில்லை. எனக்கு எட்டு வயது. அம்மாவின் சேலையைப் பிடித்தபடி போய்ச் சேர்ந்தபோது கூரை இல்லை, குசினிச் சுவர் இல்லை. அம்மா ஓட்டுத் துண்டுகளைக் கிளறி அம்மியைக் கண்டெடுத்தார். முந்தானையால் அதன் கரியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மறுநாள் மீண்டும் முகாம். அங்கே அதே வேம்பின் கீழ் அதே குரல் பேசிக்கொண்டிருந்தது, சனம் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்படியொரு தலைமைக்கா ஏங்குகிறீர்கள்?

நாளை வெயில் ஏறியதும், நான்கு பாகம், அதாவது நாலு பேர் கைவிரித்த தூரம், தள்ளி நின்று அந்தக் கொத்தைப் பாருங்கள். மற்றவை அசையாமல் தொங்க, ஒன்றிரண்டு மட்டும் வயிற்றை ஆட்டியபடி அவற்றின்மேல் ஓடும். அவற்றின் முதுகில் என்ன தூசி என்று எனக்கு எழுதுங்கள்.