அந்தச் சிவப்புத் தொப்பி

அன்புள்ள ஆசிரியருக்கு,

சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் தி ரை’ நாவல் எங்களுக்குப் பாடம். அதன் நாயகன் ஹோல்டனின் சிவப்பு வேட்டைத் தொப்பி எதன் குறியீடு? கோபமா, களங்கமின்மையா? தலையில் ஒரு பக்கம் மட்டும் நரைத்திருப்பது பாதி பெரியவன் என்று காட்டவா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நரையைப் பற்றி ஹோல்டனே சொல்லிவிடுகிறான். அதில் தோண்ட ஒன்றுமில்லை.

தொப்பிக்கு வருகிறேன். முதலில் அந்த உரைநூலை மூடி வையுங்கள். அதை அவன் எப்போது போடுகிறான், எப்போது கழற்றுகிறான் என்று பார்த்தீர்களா? வாள்வீச்சு அணியின் வாள்களைச் சுரங்க ரயிலில் மறந்துவிட்டு இறங்கிய கையோடு, நியூயார்க் கடையொன்றில் ஒரு டாலருக்கு வாங்கியது அது. திரும்பும் வழியெல்லாம் அணியில் யாரும் அவனோடு பேசவில்லை. பிறகொரு இரவு டாக்ஸியில் மாட்டிக்கொள்கிறான். ஓட்டலுக்குள் நுழையுமுன் கழற்றிவிடுகிறான். கிறுக்கன் மாதிரித் தெரியக்கூடாதாம்! கோபம், களங்கமின்மை என்று எந்தச் சீட்டை ஒட்டினாலும் இந்தக் கழற்றலுக்கு அதில் இடமில்லை. பதினாறு வயதில் நாம் எல்லோருமே பிடித்த எதையோ வாசலில் கழற்றி ஒளித்துவிட்டுத்தான் உள்ளே போனோம்.

ஆலியின் கையுறையை நீங்கள் கேட்கவே இல்லையே, ஏன்? ஹோல்டனின் செத்துப்போன தம்பியின் பேஸ்பால் கையுறை. பந்து வராத நேரத்தில் படிக்கவென்று அதன் விரல்களெங்கும் பச்சை மையில் கவிதை எழுதி வைத்திருந்தான். 1946இல் ரத்தப் புற்றுநோயில் அவன் போன இரவு, ஹோல்டன் கேரேஜ் ஜன்னல்களை வெறுங்கையால் உடைத்தான்.

என்னிடம் அண்ணனின் பேனா ஒன்று இருக்கிறது. யோசிக்கும்போது மூடியைக் கடிப்பான், அம்மா திட்டுவாள். மூடியின் நுனியில் இரண்டு பள்ளங்கள். ஒரு முன்பல் சற்றே உள்வாங்கியிருந்ததால் ஒன்று ஆழம், மற்றது லேசான கீறல்தான். ஆழமானதில் என் கட்டைவிரல் நகம் சரியாக உட்காரும். அவன் போய் எத்தனையோ வருடமாயிற்று. அந்தப் பேனாவை இழப்பின் குறியீடு என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அது அவன் கடித்த மூடி. அவ்வளவுதான்.

சரி, கடைசி அத்தியாயங்களில் ஒன்றை மறுபடி எடுங்கள், கையில் பென்சில் இல்லாமல். குட்டித் தங்கை ஃபீபி தொப்பியை எடுத்து அண்ணன் தலையில் வைக்கிறாள். மழை கொட்டுகிறது. பெற்றோர்களெல்லாம் ராட்டினத்தின் கூரைக்குக் கீழே ஓடி ஒதுங்குகிறார்கள். அவன் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்து கழுத்தெல்லாம் நனைகிறான். அத்தனை பேர் எதிரில், தொப்பியைக் கழற்றாமல்.