வாசகர் கேள்வி: எங்கள் வேலை பலன் தந்ததா?

கேள்வி: அக்கா, களுவாஞ்சிகுடிப் பக்கம் தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்பு உள்ள ஆண்களுக்கு எச்.ஐ.வி. தடுப்புப் பற்றிச் சொல்லும் சின்னக் குழுவொன்றில் இரண்டு வருடமாக இருக்கிறேன். போன வருடம் 14 கூட்டம் வைத்தோம், 2,300 ஆணுறை கொடுத்தோம். காசு தருபவர்கள் "பலன் என்ன?" என்று கேட்கிறார்கள். எதைக் காட்டுவது?
– ஒரு தொண்டர்

பதில்: தம்பி, நீங்கள் சொன்ன இரண்டு எண்ணும் நீங்கள் பட்ட பாட்டின் கணக்கு. அதற்குப் பிறகு அந்தப் பொடியன்களுக்கு என்ன நடந்தது என்பதைத்தான் அவர்கள் கேட்கிறார்கள்.

சுகாதாரத் திட்டங்களை மதிப்பிடும் வேலையில் நான் இருந்தபோது ஒரு துண்டு பாவித்தோம். நடுவில் துளைக்கோடு, இரண்டு பக்கமும் ஒரே இலக்கம், பெயர் கிடையாது. ஒரு பாதி எங்களிடம் இருக்கும், மற்றப் பாதியை, எங்களிடம் வந்தவர் பரிசோதனைக்குப் போகும்போது பாலியல் நோய்க் கிளினிக்கில் கொடுப்பார். மாதக் கடைசியில் அங்கே சேர்ந்த பாதிகளை எண்ணுவோம். முதல் மாதம் விரல்விட்டு எண்ணலாம், அவ்வளவுதான். ஏன் என்று கேட்டபோது ஒரு பொடியன் சொன்னான்: "வாசல் வரைக்கும் மூன்று தரம் வந்தேன் அக்கா. வாங்கில் எங்கட ஊர் ஆள் ஒருவர் இருந்தார்." பிறகு ஆட்கள் குறைந்த நேரம் பார்த்து, தொண்டர் ஒருவர் கூடவே போகத் தொடங்கினார். துண்டுகளும் வரத் தொடங்கின. எத்தனை ஆயிரம் ஆணுறையை எண்ணியிருந்தாலும் அந்த வாங்கு எனக்குத் தெரிய வந்திராது.

துண்டோடு நிற்க வேண்டாம். எத்தனை பேர் முடிவை வாங்கினார்கள், எத்தனை பேர் திரும்பப் பரிசோதிக்க வந்தார்கள், தொற்று உள்ளவர்களில் எத்தனை பேர் மருந்தில் நிற்கிறார்கள் என்று கிளினிக்கில் கேளுங்கள். மொத்த எண்ணை மட்டும் கேளுங்கள், யார் என்று கேட்க வேண்டாம். மருந்தை நான் வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. 2019இல் வெளியான பார்ட்னர்-2 ஆய்வு 782 ஆண் சோடிகளைப் பார்த்தது. ஒவ்வொரு சோடியிலும் ஒருவருக்குத் தொற்று இருந்தது, ஆனால் மருந்தால் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது. ஆணுறை இல்லாத உறவிலும் அவரிடமிருந்து துணைக்கு ஒரு தொற்றுகூடப் போகவில்லை. ஒருவரை மருந்தில் நிற்க வைத்தால் அதுவும் உங்கள் தடுப்பு வேலைதான்.

அடுத்தது, ஒப்பிட ஓர் இடம் வேண்டும். 1991இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், தென்மாநிலச் சிறு நகரமொன்றில் தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் கூடும் மதுக்கூடங்களில் எல்லோருக்கும் பிடித்தவர்களைத் தேடிப் பயிற்சி கொடுத்து, பாதுகாப்பான உறவு பற்றி நண்பர்களோடு கதைக்க விட்டார்கள். கேட்ட நாளுக்கு முந்தைய இரண்டு மாதத்தில் ஆணுறையில்லாமல் குதவழி உறவு கொண்டதாகச் சொன்னவர்கள் 36.9 வீதத்திலிருந்து 27.5 வீதமாகக் குறைந்தார்கள். பயிற்சி நடக்காத நகரங்களையும் அதே நேரம் அளந்தபடியால்தான் அந்தக் குறைவை நம்ப முடிந்தது. பிறகு இதே மாதிரியை லண்டன் உடற்பயிற்சிக் கூடங்களில் செய்தார்கள், பலன் தெரியவில்லை. கதைக்க ஆள் பிடிப்பதும் பாடாக இருந்தது, உடற்பயிற்சிக்கு வந்த இடத்தில் இந்தக் கதையை எடுப்பதும் பாடாக இருந்தது. இது தெரிய வந்தது, வேலை எப்படி நடந்தது என்றும் அவர்கள் தனியாகப் பார்த்தபடியால். நீங்களும் களுவாஞ்சிகுடியின் எண்களை, இன்னும் வேலை தொடங்காத வாழைச்சேனையோடு ஆறு மாதம் வைத்துப் பாருங்கள். பிறகு வாழைச்சேனையிலும் தொடங்குங்கள்.

கேள்வித்தாளை உங்கள் ஆட்களே நிரப்பவும் வேண்டாம். ஆணுறை தந்த அண்ணன் நேரே இருந்து கேட்டால், "ஒவ்வொரு முறையும் போடுகிறேன்" என்றுதான் யாரும் சொல்வார்கள். தாளைக் கையில் கொடுத்து, தானே குறித்துப் பெட்டியில் போட விடுங்கள்.

ஒன்று மன்றாட்டமாகச் சொல்கிறேன், பெயர் எழுதாதீர்கள். ஆணும் ஆணும் கொள்ளும் உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் தண்டனைச் சட்டக்கோவையில் உள்ள நாடு இந்த இலங்கை. ஒரு நிறுவனத்தின் கூட்டத்தில், தேநீர்க் கணக்குக்காக சிவப்பு மட்டைக் கொப்பியில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் வாங்கினார்கள். கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு பிள்ளை திரும்பி வந்து, தன் பக்கத்தைக் கிழித்துத் தரச் சொல்லிக் கெஞ்சினான். அவன் கை நடுங்கியதை இன்னும் நான் மறக்கவில்லை. கிழித்துக் கொடுத்தேன். தேநீர்க் கணக்குக்குத் தலை எண்ணிக்கை போதும் என்று காசு தருபவர்களிடம் நேரே சொல்லுங்கள்.

கேள்வி: நான் கலியாணம் கட்டினவன், ஆண்களோடும் தொடர்பு உண்டு. இந்தக் கூட்டங்களுக்கு என்னால் வர முடியாது. எங்களை யார் கணக்கெடுக்கிறார்கள்?
– அக்கரைப்பற்று வாசகர்

பதில்: பெரும்பாலும் யாரும் இல்லை. கூட்டத்துக்கு வந்தவரை மட்டும் எண்ணும் எந்த மதிப்பீட்டிலும் நீங்கள் விடுபட்டுப் போவீர்கள். மேலே எழுதிய தம்பியும் இதைப் படிக்கட்டும், "வராதவர் யார்?" என்ற கேள்வியும் அவருடைய அறிக்கையில் இருக்க வேண்டும்.

சரி, உங்கள் விஷயம். ஊரில் தெரிந்த முகம் இருக்கும் என்று பயந்தால் கல்முனைக்கோ அம்பாறைக்கோ மட்டக்களப்புக்கோ போங்கள். அரச பாலியல் நோய்க் கிளினிக்கில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ஆபத்தான தொடர்பு நடந்து 72 மணித்தியாலத்துக்குள் என்றால் உடனே போங்கள், தொற்றைத் தடுக்கும் மருந்து உண்டு. அந்த நேரம் கடந்திருந்தாலும் போங்கள். இப்போது ஒரு பரிசோதனையும், கடைசித் தொடர்புக்கு மூன்று மாதம் கழித்து இன்னொன்றும் செய்யுங்கள். அதுவரை வீட்டிலும் ஆணுறை பாவியுங்கள். மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றால், அதையும் அங்குள்ள டொக்டரிடமே கேளுங்கள். இதே கேள்வியோடு வந்தவர்களை அவர்கள் நிறையப் பேர் பார்த்திருப்பார்கள்.