பதில்: டேலிக்கும் 2பி-க்கும் 18,450 ரூபாய் வித்தியாசம்

தம்பி, திருப்பூர் ஆடிட்டர் ஆபீஸ்ல லீவு ட்ரெய்னிங் போறீங்க, டேலிங்கற கணக்கு சாஃப்ட்வேர்ல பதிஞ்ச பனியன் கம்பெனியோட ஏப்ரல் பர்ச்சேஸ், 2பி-யோட (சப்ளையருங்க ஃபைல் பண்ணினதை வெச்சு ஜிஎஸ்டி போர்ட்டல் தர்ற பில் பட்டியல்) ஒத்து வரலைன்னு கேட்டிருக்கீங்க. மொத்தத் தொகையை வெச்சுத் தேடாதீங்க. ஒரு பில் கூடி இன்னொண்ணு குறைஞ்சா தப்பு மறைஞ்சுக்கும். பார்ட்டி (சப்ளையர்) பேரை வெச்சும் தேட வேண்டாம்ங்க, ஆளுக்கொரு மாதிரி எழுதியிருப்பாங்க. ரெண்டு ஷீட்டையும் 15 எழுத்து ஜிஎஸ்டி நம்பர்படி அடுக்கி, அப்புறம் பில் நம்பர், வரித் தொகைன்னு பொருத்துங்க.

பில் நம்பர்லதான் பெரும் தொல்லை. 2பி-ல '0045', டேலியில '45'. எக்செல் முன்னாடி சைபரை முழுங்கிடும்; பில் நம்பர் வர்ற பத்தியை (column) முதல்ல டெக்ஸ்ட்டா மாத்திட்டு ஒட்டுங்க. ஒரு ரூபாய்க்குள்ள வித்தியாசம்னா ரவுண்டிங்.

2பி-ல வராத பில்லுக்கு: சப்ளையர் மே 11-க்கு மேல ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை ரிட்டர்ன்) போட்டிருந்தா அடுத்த 2பி-லதான் வரும். சின்ன நிட்டிங், ஸ்டிச்சிங் ஜாப்ஒர்க்காரங்க காலாண்டுக்கு ஒருக்கா ஃபைல் பண்றவங்களா இருந்து, மே 13-க்குள்ள ஐஎஃப்எஃப்-ல (அவங்க நடுவுல பில்லை ஏத்தற வசதி) ஏத்தலைன்னா, ஜூலை வரைக்கும்கூட கண்ணுல படாம இருக்கலாம். கோயமுத்தூர்ல வாங்கின நூலை யாராவது ஐஜிஎஸ்டின்னு (வெளிமாநில வாங்கலுக்கான வரி) பதிஞ்சிருக்காங்களான்னும் பாருங்க. 33-ல தொடங்கற ஜிஎஸ்டி நம்பர்னா தமிழ்நாடு; அதுக்கு உள்மாநில வரிகளான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி தான்.

ஒத்து வராத ஒவ்வொரு பில்லுக்கும் காரணம் எழுதி, 20-ந் தேதி போடற 3பி-க்கு (மாசாந்திர வரி ரிட்டர்ன்) முன்னாடியே சீனியர்கிட்ட கொடுங்க. டேலி என்ட்ரியை நீங்களா திருத்தாதீங்க.