தத்துவ அறிஞர் உளவுத்துறைத் தலைவரானது எப்படி?

கேள்வி: இஸ்லாமியத் தத்துவத்தில் ஆய்வு செய்தவர் துருக்கியின் உளவுத்துறைத் தலைவரானார் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி ஒருவர், மேலப்பாளையம்

பதில்: உண்மைதான். 1971இல் இஸ்தான்புல்லில் பிறந்த இப்ராஹிம் காலின், பாரசீகத் தத்துவ ஞானி முல்லா சத்ராவைப் பற்றி அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். அறியும்போது அறிபவரும் அறியப்படும் பொருளும் ஒன்றாகிவிடுகின்றன என்ற சத்ராவின் கடினமான கோட்பாட்டைப் பொறுமையாக விளக்கும் அவருடைய நூல் 2010இல் வெளிவந்தது. அவரது அரசியலை ஏற்காதவர்களும் படிக்க வேண்டிய நூல் அது என்பது என் உறுதியான கருத்து. 2014இல் அதிபரின் செய்தித் தொடர்பாளரானவர், 2023 ஜூனில் உளவுத்துறைத் தலைமையை ஏற்றார்.

இது இஸ்லாமிய மரபுக்குப் புதிதன்று. பதினோராம் நூற்றாண்டில் தத்துவ ஞானியும் மருத்துவருமான இப்னு சீனா, பாரசீக நகரமான ஹமதானை ஆண்ட ஷம்சுத் தவ்லாவிடம் அமைச்சராக இருந்தார். படைவீரர்கள் கிளர்ந்தெழுந்து அவர் வீட்டைச் சூறையாடியதால் தலைமறைவானவரை, தாம் நோயுற்றபோது மன்னரே மீண்டும் அழைத்துப் பதவியில் அமர்த்தினார். பகலெல்லாம் அரசுப் பணியிலேயே கழிந்ததால், மாணவர்களை இரவில் வரவழைத்து, தத்துவத்திற்குத் தம்முடைய 'ஷிஃபா' நூலையும் மருத்துவத்திற்குத் தம்முடைய 'கானூன்' நூலையும் அவர் கற்பித்தார்.