தொடக்கப் பாட்டு இழுக்குது, மீதிக் கதை வயிற்றைப் புரட்டுது!

கேள்வி: எனக்கு வயது 22. ராப் என்றால் உயிர். “ஹிப்ஹாப் பிடிக்கும்னா இதைப் பார்த்தே ஆகணும்” என்று அறை நண்பன் சொன்னதால் ‘டோக்கியோ ட்ரைப் 2’ அனிமே பார்க்க ஆரம்பித்தேன். பாட்டு, உடை, தெரு எல்லாம் அபாரம். ஆனால் நாலு அத்தியாயத்துக்குள் அந்த வெட்டுக்குத்தும் பெண்களைக் காட்டும் விதமும் வயிற்றைப் புரட்டுகின்றன. சொன்னால், “உனக்குக் கல்ச்சர் புரியலை” என்கிறான். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால், பத்தாவது படிக்கும் தம்பி என் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறான். நிஜமாகவே எனக்குத்தான் புரியவில்லையா? மேற்கொண்டு பார்க்கலாமா?
– பெயர் வேண்டாம், கோவை.

பதில்:

உங்களுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது, தம்பி. பிடித்ததும் பிடிக்காததும் ஒரே தொடரில் இருப்பதுதான் உங்களைக் குழப்புகிறது. நானும் முதல் தடவை பாதியில் நிறுத்திவிட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் மறுபடி போட்டேன்.

பிடித்ததை முதலில் பேசுவோம். சாண்டா இனோவே இந்தக் கதையை 1997 முதல் 2005 வரை ‘பூன்’ என்ற இதழில் காமிக்ஸாக வரைந்தார். அது காமிக்ஸ் பத்திரிகை அல்ல. இளைஞர்களுக்கான தெரு ஃபேஷன் மாத இதழ். இந்தப் பக்கத்தில் ஷூ, அந்தப் பக்கத்தில் ஜாக்கெட், நடுவில் இந்தக் கதை. அதனால்தான் ஒவ்வொருவன் தொப்பியும் பேண்டும் ஷூவும் அத்தனை அக்கறையோடு வரையப்பட்டிருக்கின்றன. முகத்தைவிடக் கால்சட்டையின் தொளதொளப்பில் அதிகம் உழைத்திருக்கிறாரோ என்றுகூட எனக்குச் சந்தேகம் வரும். அன்றைய டோக்கியோவில் ஷூ விளையாட்டுச் சமாச்சாரம் அல்ல. 1995-இல் வந்த மஞ்சள் நிற நைக்கி ஏர் மேக்ஸ் ஷூவுக்காகத் தெருவில் மடக்கி, காலில் போட்டிருப்பதையே கழற்றிக்கொண்டு போன வழிப்பறிகள் நடந்தன. ‘ஏர் மேக்ஸ் வேட்டை’ என்றே அதற்குப் பெயர். அந்த ஊரில் அந்த வருடங்களில் இந்தக் கதை முளைத்ததில் ஆச்சரியமில்லை.

அடுத்தது ஊர். கதையில் வரும் புகுரோ என்பது டோக்கியோவின் இகெபுகுரோ பேட்டையை அங்கத்திய பையன்கள் சுருக்கிக் கூப்பிடும் பெயர். ஷிபுயா, ஷிஞ்சுகு, மேற்கே முசாஷினோ எல்லாம் ரயில் ஏறினால் போய் இறங்கக்கூடிய இடங்கள். ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு கும்பல். கதாநாயகன் காய் (Kai) இருக்கும் முசாஷினோ கும்பலின் பெயர் ‘சாரு’, அதாவது குரங்கு. அவனுக்கு எதிரியான மேராவின் கும்பல் ‘வூ-ரான்ஸ்’. நியூயார்க் ராப் குழுவான வூ-டாங் கிளானுக்கு ஒரு சலாம். காயும் மேராவும் ஒரு காலத்தில் நண்பர்கள் என்பதுதான் கதையின் முடிச்சு. பேட்டைப் பெயரை நெஞ்சில் குத்திக்கொண்டு திரிவதும், எல்லை தாண்டினால் அடி விழுவதும் ஹிப்ஹாப்பின் ரத்தத்தில் இருப்பவை. அதை இத்தொடர் சரியாகவே பிடித்திருக்கிறது.

இசை முரோ. பழைய இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பதில் டோக்கியோவில் பேர்போன டிஜே. தொடக்கப் பாட்டு இல்மேட்டிக் புத்தா எம்சீஸ் என்ற ஜப்பானிய ராப் குழு பாடியது. ஜப்பானிய மொழியிலும் நம் தமிழைப் போலவே வினைச்சொல் வாக்கியக் கடைசியில் வந்து நிற்கும். அப்படியே வரியை முடித்தால் ‘போனான், வந்தான், நின்றான்’ என்று எல்லா வரியும் ஒரே வாலோடு முடியும். இயைபு சுலபமாகக் கிடைக்கும், ஆனால் சப்பென்று இருக்கும். அதனால் அவர்கள் வரியை உடைத்துப் பெயர்ச்சொல்லில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். தமிழில் ராப் எழுதிப் பார்த்திருந்தால் இந்தத் தலைவலி உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

சரி, இவ்வளவு இருந்தும் ஏன் புரட்டுகிறது?

ரத்தம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. இதைவிட ரத்தம் ஓடும் படங்களைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பீர்கள். இங்கே அடிக்குக் காரணம் இல்லை, அதுதான் உறுத்துகிறது. ஹிப்ஹாப் பிறந்த 1970-களின் நியூயார்க் பிராங்க்ஸ் எரிந்துபோன கட்டடங்களும் வேலையில்லாத வீடுகளும் நிறைந்த இடம். அங்கே ஒருவன் கும்பலில் ஏன் சேர்ந்தான் என்று கேட்டால் அவன் வீட்டு வாசலிலேயே பதில் கிடைக்கும். 1980-களின் கடைசியில் ஷிபுயாவில் திரிந்த ‘சீமா’ கும்பல்களிலோ ஆரம்பத்தில் பலர் வசதியான வீட்டுப் பிள்ளைகள், தனியார் பள்ளி மாணவர்கள். விலையுயர்ந்த ஜீன்ஸ் வாங்கக் காசு இருந்தது. அதில் ஒரு நல்ல கதை ஒளிந்திருக்கிறது: வயிறு நிறைந்த பையன் எதற்காகக் கத்தி எடுக்கிறான்? இந்தத் தொடர் அதைத் தொடவே இல்லை. பையன்களுக்கு அம்மா அப்பா எங்கே, வாடகை யார் கட்டுகிறார்கள், இந்த ஷூவுக்கு யார் பணம் கொடுத்தார்கள்? யாரும் கேட்பதில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் ஜன்னலைத் திறந்து “ஏண்டா சத்தம்?” என்று கேட்டிருந்தாலே அந்தத் தெருவுக்கு உயிர் வந்திருக்கும்.

காரணம் இல்லாத இடத்தைக் குரூரத்தால் நிரப்பியிருக்கிறார்கள். புப்பா என்ற அந்தத் தடித்த தாதாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்ப்பவன் முகம் சுளிக்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்குக் கதையில் பெரிய வேலையில்லை. பெண்களின் நிலை இன்னும் மோசம். தூக்கிக்கொண்டு போவதற்கும் காப்பாற்றுவதற்கும் ஒரு உடம்பு வேண்டும், அவ்வளவுதான். இதைக் ‘கல்ச்சர்’ என்று உங்கள் நண்பர் சொன்னால், ராப் பாடிய பெண்களின் பெயர்களைப் பத்து சொல்லச் சொல்லுங்கள்.

எனக்கு இன்னொரு குறையும் உண்டு. ஹிப்ஹாப் அனிமே என்று பெயர். ஆனால் ராப் பெரும்பாலும் பின்னணியோடு நின்றுவிடுகிறது. சண்டைக்கு முன்னால் எதிரும் புதிருமாக நின்று நாலு வரி பாடி மூக்கை உடைத்திருக்கலாம். இவர்களோ கத்துகிறார்கள், வெட்டுகிறார்கள். 2014-இல் சியோன் சோனோ இதே கதையைப் படமாக எடுத்தபோது வசனத்தையே ராப்பாக மாற்றினார். காயாக நடித்த யங் டைஸ் நிஜ ராப்பர். அதிலும் பெண்கள் விஷயம் உருப்படவில்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆனால் சத்தத்தில் ஒரு கொண்டாட்டம் இருக்கிறது.

மேற்கொண்டு பார்க்கலாமா? மொத்தமே 13 அத்தியாயம். 2006 கடைசியில் ஜப்பானியக் கட்டணச் சேனலில் வந்தது, எடுத்தது மேட்ஹவுஸ் நிறுவனம். முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. நான் முடித்ததற்குக் காரணம் ‘பென்னிஸ்’. குரங்குப் பையன்கள் கூடும் உணவகம், டென்னிஸ் (Denny's) என்ற நிஜ உணவகத்தின் பெயரைத் திருகி வைத்தது. அந்த நாட்களில் அங்கே இந்த மாதிரி இடங்கள் பல, இரவு முழுக்கத் திறந்திருந்தன. பானத்துக்கு ஒருமுறை காசு கொடுத்துவிட்டால் திரும்பத் திரும்ப ஊற்றிக்கொண்டு விடியும்வரை உட்கார முடிந்தது. வீடே காட்டாத தொடரில் பையன்கள் வீட்டில் இருப்பதுபோல் இருப்பது அந்த மேஜையில்தான். சும்மா உட்கார்ந்து வாயடிக்கும் அந்தச் சில நிமிடங்களில் அவர்கள் மேல் எனக்குப் பிரியமே வந்துவிட்டது. அதற்காகப் பொறுக்க முடியுமென்றால் பாருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

உங்கள் தம்பிக்கு இது வேண்டாம். ஆனால் காரணம் சொல்லாமல் லேப்டாப்பைப் படாரென்று மூடாதீர்கள். மூடிய மறுநிமிடம் அவன் தன் போனில் தேடுவான், பத்தாவது படிக்கும்போது நாமெல்லாம் செய்ததுதான். கதையில் என்ன இருக்கிறது, உங்களுக்கு எது பிடிக்கவில்லை என்று அவனிடம் உடைத்துச் சொல்லுங்கள். அப்புறம் தொடக்கப் பாட்டை மட்டும் அவனோடு உட்கார்ந்து கேளுங்கள். முடிந்ததும் இருவரும் சேர்ந்து, வினைச்சொல்லில் முடியாத நாலு வரி தமிழில் எழுத முடிகிறதா என்று பாருங்கள். எழுதினால் எனக்கும் அனுப்புங்கள்.