விளக்குக் கம்பத்தை எங்கே நடுவது? வாரியக் குடியிருப்புகளின் பாதுகாப்பு பற்றிக் கேள்வி பதில்

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதிகளில், அதாவது குடிசைகளிலிருந்து அகற்றிய மக்களுக்காகக் குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்புகளில், அங்கே வாழும் மக்களோடு சேர்ந்து தெருவிளக்கு, படிக்கட்டு, விளையாட்டுத் திடல் ஆகியவற்றைத் திட்டமிடும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: மேடம், எங்கள் பிளாக்கில் வீட்டுக்கு வீடு காசு போட்டு வாசலில் சிசிடிவி வைக்கலாம் என்று பேசுகிறோம். வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் கையில் இருக்கும் முதல் காசை அதில் போடாதீர்கள். பைக் காணாமல் போனால் போலீஸுக்குக் கேமரா உதவும். இருட்டில் படியேறும் பெண்ணுக்கு அந்த நேரத்தில் உதவாது. மானிட்டர் யார் வீட்டில் இருக்கும் என்பதையும் பேசி முடிவு செய்யுங்கள். யார் எப்போது வருகிறார்கள், போகிறார்கள் என்பது ஒரே ஒரு வீட்டுக்குத் தெரிந்துகொண்டே இருந்தால் பெண்களுக்கு அதுவே தொல்லையாகிவிடும். முதலில் படிக்கட்டு விளக்கு, மோட்டார் ரூம் பூட்டு, மொட்டை மாடிக் கதவு மூன்றையும் சரிசெய்யுங்கள். கேமராவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: "மக்களோடு சேர்ந்து திட்டமிடுவது" என்று எல்லாரும் சொல்கிறார்கள். கூட்டம் போட்டால் நாலு பேர்தான் பேசுகிறார்கள். நிஜமாக எப்படிச் செய்வது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வரவேண்டும்.

பொதுக்கூட்டத்தில் தொடங்காதீர்கள். அங்கே சங்கத் தலைவரும் கட்சிக்காரர்களும்தான் பேசுவார்கள். குழுக்களைத் தனித்தனியாகச் சந்தியுங்கள்: வீட்டு வேலைக்குப் போய் இரவில் திரும்பும் பெண்கள், பள்ளி கல்லூரி போகும் பெண் பிள்ளைகள், முதியவர்கள், திருநங்கையர், மூலையில் உட்காரும் இளைஞர்கள். ஒவ்வொரு குழுவும் கோலமாவால் தரையில் தங்கள் ஏரியாவை வரையட்டும். பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, தண்ணீர்க் குழாய், டாஸ்மாக், அங்கன்வாடி எல்லாவற்றையும் அவர்களே வைப்பார்கள். பிறகு இரண்டே கேள்வி: எந்த இடத்தில் பயம், எந்த நேரத்தில் பயம்? "இங்கே பாதுகாப்பு இருக்கிறதா" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். இடமும் நேரமும் கேட்டால் "எட்டு மணிக்கு மேல் அந்த டிரான்ஸ்பார்மர் சந்து" என்று விரல் வைத்துக் காட்டுவார்கள்.

அடுத்தது நடை. இருட்டிய பிறகு, பேருந்து வந்து நிற்கும் நேரத்தில், நிறுத்தத்திலிருந்து பிளாக் வாசல் வரைக்கும், அங்கிருந்து வீட்டுக் கதவு வரைக்கும் சேர்ந்து நடங்கள். எரியாத விளக்கின் கம்ப எண், மரக்கிளை மறைக்கும் விளக்கு, கதவில்லாத மீட்டர் அறை, குப்பை மேட்டால் குறுகிய பாதை, நாலாபுறமும் அடைத்த மதில், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த முறை 1989-இல் கனடாவின் டொராண்டோவில் மெட்ராக் என்ற பெண்கள் அமைப்பு உருவாக்கியது. தில்லியில் ஜாகோரி அமைப்பு இதை நம் தெருக்களுக்கு ஏற்றபடி மாற்றி நடத்திக் காட்டியது.

கடைசியாக எல்லாக் குழுவின் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பெண்கள் பயப்படும் இடமும் இளைஞர்கள் விரும்பி உட்காரும் இடமும் பல நேரம் ஒன்றாகவே இருக்கும். பேச வேண்டியது அங்கேதான். முதல் வேலையாக எதைச் செய்வது என்று கைதூக்கச் சொல்லாதீர்கள், சீட்டுப் போட்டு வாக்கெடுங்கள். மாமியார் முன்னால் மருமகள் கைதூக்க மாட்டாள்.

கேள்வி: விளக்குப் போட்டால் குற்றம் குறையும் என்பதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு. நியூயார்க் நகரில் அரசு வாடகைக் குடியிருப்புகளைப் பொது வீட்டுவசதி ஆணையம் நடத்துகிறது. 2014-இல் நகர நிர்வாகம் அதிகம் பாதிக்கப்பட்ட 15 குடியிருப்புகளுக்கு ஒரு பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. அங்கே குடியிருப்பவர்களும் துறை அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து எதை முதலில் சரிசெய்வது என்று முடிவெடுத்தார்கள். 2016-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் குற்ற ஆய்வகம் நியூயார்க் நகர நிர்வாகத்தோடு சேர்ந்து ஒரு சோதனை நடத்தியது. சுமார் 80 குடியிருப்புகளை எடுத்து, குலுக்கல் முறையில் ஏறக்குறைய பாதி இடங்களில் மட்டும் கூடுதல் விளக்குக் கோபுரங்களை வைத்தார்கள். விளக்கு வைத்த இடங்களில் இரவில் வெளியில் நடக்கும் பெரிய குற்றங்கள் 36 சதவீதம் அளவுக்குக் குறைந்தன. குலுக்கலில் பிரித்ததால் இந்த முடிவை நான் மதிக்கிறேன். "விளக்குப் போட்டோம், அப்புறம் குறைந்தது" என்ற வழக்கமான கதையை விட இது உறுதியானது.

ஆனால் நம் ஊரில் சிக்கல் வேறு. கம்பம் இருக்கும், விளக்கு எரியாது. அதனால் கம்ப எண்ணோடு புகார் கொடுக்க ஒவ்வொரு பிளாக்கிலும் ஒருவரை நியமியுங்கள். இன்னொன்று: உயரமான கம்பத்தில் கண்ணைக் கூசும் ஒரே விளக்கு வைத்தால் அதன் ஓரத்து நிழல் இன்னும் கறுப்பாகும். குறைந்த உயரத்தில், நெருக்கமாக, எதிரே வருபவர் முகம் தெரியும்படி வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அக்கா, நாங்கள் ஏழாவது மாடி. லிஃப்டில் தனியாகப் போக என் தங்கைக்குப் பயம். படியில் போனால் அதைவிடப் பயம்.

பெரும்பாக்கத்தில் தரைத்தளமும் ஏழு மாடியுமாகக் கட்டினார்கள். குடிசையில், தெருவைப் பார்த்த வாசலோடு வாழ்ந்த குடும்பங்களை அங்கே கொண்டுவந்தார்கள். அந்த வாசல்தான் அவர்களுக்குக் காவலாக இருந்தது. அதற்கு ஈடாக எதுவும் தரப்படவில்லை என்பது எனக்கு இன்றும் கோபம்.

இப்போது செய்யக்கூடியவை: லிஃப்ட் கதவில் உள்ளே தெரியும் கண்ணாடிப் பட்டை, உள்ளே எரியும் விளக்கு, வேலை செய்யும் அலாரம். இதையெல்லாம் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லிக் கேளுங்கள். படிக்கட்டின் திருப்பங்களில் துளை வைத்த ஜாலிச் சுவரை அடைத்திருந்தால் அந்த அடைப்பை எடுக்கச் சொல்லுங்கள், பழைய சாமான்கள் குவிந்திருந்தால் நீங்களே அகற்றலாம். ஒவ்வொரு மாடியிலும் படிக்கட்டை ஒட்டிய வீட்டுக்காரர்கள் மாலையில் கதவைத் திறந்து வைக்கச் சம்மதித்தால் வேறுபாடு உடனே தெரியும். உங்கள் தங்கையின் வயதுப் பெண்கள் ஒரே நேரத்தில் டியூஷன் முடிந்து வரும்படி பேசி வைப்பதும் நல்லது. ஆனால் அது தற்காலிக ஏற்பாடுதான். அதைச் சாக்காக வைத்து லிஃப்டைச் சரிசெய்யாமல் விட்டுவிடக் கூடாது.

கேள்வி: மூலையில் பையன்கள் கூட்டமாக உட்காருகிறார்கள். அந்தத் திண்ணையை இடித்துவிடலாமா?

இடித்தால் அடுத்த மூலைக்குப் போவார்கள், முதியவர்களுக்கும் உட்கார இடம் இல்லாமல் போகும். அந்தப் பையன்கள் ஏன் அங்கே இருக்கிறார்கள் என்று அவர்களையே கேளுங்கள். வீடு சின்னது, விளையாட இடம் இல்லை, வேலை தூரம். அவர்களுக்கு விளக்கோடு ஒரு திடல் கேட்டு வாங்குங்கள், பெண் பிள்ளைகளுக்கு அதில் தனி நேரம் எழுதி ஒட்டுங்கள். 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் இருந்தார். ஒரு நல்ல திடலும் பயிற்சியாளரும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டாம்.

மிரட்டல், போதைப்பொருள் என்று போனால் அது வேறு. அப்போது போலீஸிடம் போங்கள், தனியாகப் போகாதீர்கள், சங்கமாகப் போங்கள்.

கேள்வி: கட்டடக்கலை படிக்கிறேன். அமெரிக்காவின் ப்ரூயிட்-ஐகோ குடியிருப்பு வடிவமைப்பால்தான் தோற்றதா?

செயின்ட் லூயிஸ் நகரில் 11 மாடிகளில் 33 கட்டடங்கள், 1954-இல் குடியேற்றம் தொடங்கியது, 1972-இல் இடிக்கத் தொடங்கினார்கள். லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, யாருக்கும் சொந்தமில்லாத நீண்ட நடைபாதைகள். வடிவமைப்புக்கும் பங்கு உண்டு. ஆனால் பராமரிப்புச் செலவை வாடகையிலிருந்தே எடுக்க வேண்டிய ஏற்பாடு அதைவிடப் பெரிய தவறு என்பது என் கருத்து. வீடுகள் காலியாக, வாடகை குறைந்தது. வாடகை குறைய, பழுதுபார்ப்பும் நின்றது. நம் வாரியத்தின் "நம் குடியிருப்பு நம் பொறுப்பு" திட்டத்தில் குடியிருப்போர் சங்கம் பராமரிப்புக்குச் சேர்க்கும் தொகைக்கு ஈடாக அரசும் பங்கு தருகிறது. ஏழைக் குடும்பங்கள் கட்ட முடியாத மாதங்களில் என்ன ஆகும் என்று படிக்கும்போதே யோசித்து வையுங்கள்.

கேள்வி: சுவரில் ஓவியம் வரைந்தால் பாதுகாப்பு வருமா?

2020-இல் ஸ்டார்ட் இந்தியா என்ற தெரு ஓவிய அமைப்பு கண்ணகி நகர்ச் சுவர்களில் பெரிய ஓவியங்களை வரைய வைத்தது. பார்க்க வெளியாட்கள் வந்தார்கள், பிள்ளைகளுக்குப் பெருமை. முகவரியைக் கேட்டதும் வேலை தர மறுக்கும் ஊரில் அந்தப் பெருமை சின்ன விஷயம் இல்லை. ஆனால் ஓவியத்துக்குக் கீழே கழிவுநீர் ஓடினால் இரவில் யாரும் அந்த வழியாக நடக்க மாட்டார்கள். இரண்டையும் கேளுங்கள்.

கேள்வி: பட்டியல் தயார். யாரிடம் கொடுப்பது? ஒவ்வொருவரும் "எங்கள் வேலை இல்லை" என்கிறார்கள்.

இதில்தான் பாதி முயற்சிகள் செத்துப் போகின்றன. கட்டடத்துக்குள் இருப்பது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், அதாவது பழைய குடிசை மாற்று வாரியம். வெளியே சாலையும் தெருவிளக்கும் உள்ளாட்சி. கண்ணகி நகர் சென்னை மாநகராட்சிக்குள் வருகிறது, பெரும்பாக்கம் குடியிருப்பு கட்டப்பட்டதோ ஊராட்சி எல்லையில். அதனால் பட்டியலை மூன்றாகப் பிரியுங்கள்: வாரியத்துக்கு, உள்ளாட்சிக்கு, போலீஸுக்கு. ஒவ்வொன்றிலும் கம்ப எண், பிளாக் எண், புகைப்படம். மாநகராட்சிக்குள் இருந்தால் ஏரியா சபையில், அதாவது வார்டுக்குள் பகுதி மக்கள் கூடும் கூட்டத்தில் கொடுங்கள், மாநகராட்சியின் புகார் எண் 1913-லும் பதிவு செய்யுங்கள். ஊராட்சியில் இருந்தால் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அங்கே தீர்மானமாக எழுத வையுங்கள். வாயால் சொன்னது மறந்துபோகும், தீர்மானத்துக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். மூன்று தரப்பையும் ஒரே மாலையில் உங்கள் நடைக்கு வரச் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. இருட்டில் நிற்கும்போது அதிகாரிக்கும் விஷயம் சீக்கிரம் புரியும்.

கேள்வி: பயமே வீட்டுக்குள்தான் என்றால்?

விளக்கும் திடலும் அதற்குப் போதாது. 181 பெண்கள் உதவி எண், குழந்தைகளுக்கு 1098, அவசரத்துக்கு 112. இந்த எண்களைப் பெண்கள் மட்டும் அதிகம் புழங்கும் இடங்களில் ஒட்டுங்கள், தையல் வகுப்பு, அங்கன்வாடி போல. பக்கத்து வீட்டில் அடிச்சத்தம் கேட்டால் கதவைத் தட்டி "சர்க்கரை இருக்கா" என்று கேட்கலாம். அந்த நேரத்து அடி நிற்கலாம். ஆபத்தாகத் தெரிந்தால் தட்டாதீர்கள், 112-ஐ அழையுங்கள்.

கேள்வி: செய்ததெல்லாம் பலன் தந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

போலீஸ் புகார் எண்ணிக்கையை மட்டும் நம்பாதீர்கள். நம்பிக்கை வந்தால் புகார் முதலில் கூடும், அது நல்ல அறிகுறிதான். ஆறு மாதம் கழித்து அதே வழியில், அதே நேரத்தில், அதே பெண்களோடு நடங்கள், கோலமாவு வரைபடத்தைத் திரும்ப வரையச் சொல்லுங்கள். அதனால் முதல் முறை வரைந்ததை மறக்காமல் போட்டோ எடுத்து வையுங்கள். இரவு எத்தனை மணி வரை பிள்ளைகள் கீழே விளையாடுகிறார்கள், கடைசிப் பேருந்தில் வரும் பெண்ணைக் கூட்டிவர வீட்டிலிருந்து யாராவது போக வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். இன்னும் போக வேண்டியிருந்தால் எந்த இடம் வரைக்கும் என்று கேளுங்கள். அடுத்த பட்டியலில் முதல் வரி அந்த இடம்தான்.